விருந்தாளிக்கு மொழி வருமா?

ஒரு மொழியைக் கற்க வேண்டுமென்றால் அதைப் பேசும் வீட்டில் போய் இரு என்ற அறிவுரை இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. ஸ்பெயினின் சலமன்கா, குவாத்தமாலாவின் ஆன்டிகுவா, மெக்சிகோவின் குவெர்னவாக்கா போன்ற ஊர்களுக்கு ஸ்பானிய மொழி படிக்க வரும் மாணவர்கள் பகலில் வகுப்புக்குப் போகிறார்கள், மற்ற நேரம் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்குகிறார்கள். மாணவருக்கு ஓர் அறையும் சாப்பாடும் சாப்பாட்டு மேசைப் பேச்சும் கிடைக்கின்றன. குடும்பத்துக்கு வாரக் கணக்கில் பணம் கிடைக்கிறது. இதில் யாருக்கும் நட்டமில்லை என்றுதான் பார்த்தவுடன் தோன்றும்.

கண்டிக்கும் இந்த ஏற்பாடு புதிதல்ல. அமெரிக்கக் கல்லூரிகள் சில சேர்ந்து 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'ஐல்' திட்டத்தின் மாணவர்கள் கண்டிக் குடும்பங்களோடு தங்கிச் சிங்களம் படித்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள அந்தத் திட்டத்தைத் தொடங்கியதில் பௌடின் கல்லூரிப் பேராசிரியர் ஜோன் ஹோல்ட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழுக்கு மதுரை. அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனத்தின் தமிழ் வகுப்பும், அமெரிக்கக் கல்லூரிகள் கூட்டாக நடத்திய 'சவுத் இந்தியா டேர்ம் அப்ராட்' திட்டமும் மாணவர்களை மதுரைக் குடும்பங்களில் தங்க வைத்தன.

அப்படியானால் கண்டியிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாக மலையேறினால் வரும் ஹேவாஹெட்டவில் இதைச் செய்தால் என்ன? சிங்களக் கிராமமும் தமிழ்த் தோட்டமும் பக்கம் பக்கமாக உள்ள இடம். ஒரே கடைத்தெருவில் இரண்டு மொழியும் காதில் விழும். மொழி கற்பிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எங்கே கிடைக்கும்? கேள்வி நியாயமானது. ஆனால் விடை சொல்வதற்கு முன் அடிப்படை நம்பிக்கையையே சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் தங்குவது மொழியைத் தருமா? தருமென்றால் எந்த அளவுக்கு, எந்த நிபந்தனையில்?

ஆய்வு முடிவுகளை முதலில் பார்ப்போம். வெளிநாடு போய்ப் படிப்பதற்கு ஆதரவாக அதிகம் காட்டப்படுவது ஜோன் கரோல் 1967இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்கக் கல்லூரிகளில் மொழியைச் சிறப்புப் பாடமாக எடுத்த 2,782 இறுதியாண்டு மாணவர்களை அவர் சோதித்தார். வெளிநாட்டில் தங்கிவிட்டு வந்தவர்கள், குறுகிய காலம் இருந்தவர்கள் உட்பட, மற்றவர்களைவிட மேலாகச் செய்திருந்தார்கள். பெரிய எண்ணிக்கைதான். ஆனால் வெளிநாடு போகத் துணிபவர் பெரும்பாலும் முன்பே அந்த மொழியில் ஆர்வமும் வீட்டில் வசதியும் உள்ளவர். பயணம் எவ்வளவு தந்தது, அவர் கையோடு கொண்டுபோனது எவ்வளவு என்று அந்த எண்ணிக்கை பிரித்துக் காட்டவில்லை. தவிர, வெளிநாட்டில் இருப்பது வேறு, வெளிநாட்டு வீட்டில் இருப்பது வேறு.

வீட்டை மட்டும் தனியாக எடுத்து ஆராய்ந்தவர் வில்லியம் ரிவர்ஸ். ரஷ்யாவில் படித்த அமெரிக்க மாணவர்களைப் பற்றிய அவரது 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வீட்டில் தங்கியவர்களை விடுதியில் தங்கியவர்களோடு ஒப்பிட்டது. கேட்டுப் புரிந்துகொள்வதில் இரு சாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை. வாசிப்பில் வீட்டில் தங்கியவர்கள் முன்னேறினார்கள். பேச்சிலோ விடுதியில் தங்கியவர்களுக்கே முன்னேறும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. வீடு எதைத் தரும் என்று எல்லோரும் நினைக்கிறார்களோ, அதிலேயே வீடு பின்தங்கியது.

பிரான்சுக்குப் போன மாணவர்களைப் பற்றி சாலி மாக்னனும் மிஷெல் பாக்கும் 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதிப்படுத்துகிறது. குடும்பத்தோடு தங்கியது முன்னேற்றத்துக்குக் காரணமாகத் தெரியவில்லை. சக அமெரிக்கரோடு பிரெஞ்சில் பேசிப் பழகியதோ பின்னிழுக்கவே செய்தது. ஸ்பானிய மொழிக்கென்று ஆராய்ந்தவர்கள் செகலோவிட்சும் ஃப்ரீடும். ஸ்பெயினின் அலிகான்டே நகருக்குப் போன மாணவர்கள் தம் நாட்டிலேயே படித்தவர்களைவிடச் சரளமாகப் பேசினார்கள் என்று அவர்களது 2004ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. ஆனால் வகுப்புக்கு வெளியே எத்தனை மணி நேரம் ஸ்பானியத்தில் பழகினார்கள் என்பதற்கும் அந்தச் சரளத்துக்கும் இருந்த தொடர்பு பலவீனமானது. அதே ஆண்டு அவர்கள் டியூவியோடு சேர்ந்து பிரெஞ்சு மாணவர்களை ஆராய்ந்தபோது, அமெரிக்காவிலேயே பிரெஞ்சு தவிர வேறு பேசக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு நடந்த தீவிரக் கோடை வகுப்பு மாணவர்கள் பிரான்சுக்குப் போனவர்களையே முந்திவிட்டார்கள். காரணம் எளிது. பிரான்சில் இருந்தவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் பேசியிருந்தார்கள்.

பிரெஞ்சு, ஸ்பானிய ஆய்வுகள் சிறிய குழுக்களை வைத்துச் செய்தவை. ரஷ்ய விடுதியில் கண்ட முடிவைக் கண்டி வீட்டுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் வீடு என்ற ஒன்றே போதும் என்ற நம்பிக்கையை இத்தனை முடிவுகளுக்குப் பிறகு யாரும் கண்ணை மூடிக்கொண்டு வைத்திருக்க முடியாது.

வீட்டுக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் காரணம் புரியும். சிங்கள வீடோ தமிழ் வீடோ, நம் நாட்டில் விருந்தாளி என்றால் உட்கார வைத்துப் பரிமாறப்பட வேண்டியவர். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாலே, "நீங்க இருங்க, நான் கொண்டு வாறேன்" என்று வீட்டம்மா மறித்துவிடுவார். மேசையில் நடக்கும் பேச்சு இவ்வளவுதான்: "இன்னும் கொஞ்சம் சோறு? பருப்பு வைக்கவா? காரமா இருக்கா? போதுமா?" நாலாம் நாளும் இதே பேச்சு, நாற்பதாம் நாளும் இதே பேச்சு. மாணவருக்கு "போதும்" என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் பதிலாகிவிடும். வீட்டுப் பிள்ளைக்குத் தன் ஆங்கிலத்தைச் சரிபார்த்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்த மகிழ்ச்சி. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு அறையும் தனிக் குளியலறையும் தரக்கூடிய நகரத்து வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒருவராவது இருப்பார் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வசதி கூடக் கூட ஆங்கிலமும் கூடுகிறது. மொழி கற்கும் வாய்ப்பு குறைகிறது.

இப்போது ஹேவாஹெட்ட மலைக்கு வருவோம். ஒரு மொழி பேசும் மக்களுக்கு நடுவே வாழ்ந்தும் அதைக் குறையாகக் கற்ற நூறாண்டு வரலாறு இந்தப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்கொட்லாந்திலிருந்து 17 வயதை எட்டாத ஜேம்ஸ் டெய்லர் 1852இல் இலங்கைக்கு வந்தார். ஹேவாஹெட்ட, தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1892இல் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார். அவருக்குப் பின் தேயிலையோடு ஒரு பயிற்சி முறையும் மலைநாடெங்கும் பரவியது. தோட்டத் தொழில் கற்க வரும் ஆங்கில இளைஞன் 'கிரீப்பர்' எனப்பட்டான். தோட்டத்தின் தலைமை அதிகாரியான பெரியதுரைக்குப் பணம் கட்டி, அவரது பங்களாவிலேயே தங்கி, வேலையையும் தமிழையும் சேர்த்துக் கற்றுச் சின்னதுரையாக வேண்டும். வீட்டில் தங்கி மொழி கற்கும் ஏற்பாட்டின் தோட்டத்து வடிவம் என்றே இதைச் சொல்லலாம்.

அவன் கற்ற தமிழ் எது? அவன் கையில் இருந்த புத்தகங்களே சாட்சி. ஏ. எம். ஃபெர்குசன் எழுதிய சின்னதுரைமாருக்கான தமிழ்க் கையேட்டின் தலைப்பே 'இங்கே வா'. டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் 1915இல் வெளியிட்ட புத்தகத்தின் பெயர் 'கூலித் தமிழ்'. காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் அந்தத் தமிழ் போதுமாக இருந்தது. தராசுப் பக்கம் நிற்கும் சின்னதுரை "ஏன் கொறவு?" என்பார், "முத்தல் எடுக்காதே" என்பார், கணக்கப்பிள்ளையைப் பார்த்து "அரைப் பேர் போடு", அதாவது அரைநாள் சம்பளம் மட்டும் எழுது, என்பார். கொழுந்து பறித்த பெண் பதில் சொன்னாலும் அது கணக்கப்பிள்ளையின் வாய் வழியாகத்தான் துரைக்குப் போய்ச் சேரும். கட்டளையிடுபவனுக்கு மொழியின் ஏவல் வினைகள் மட்டும் போதும். பதில் புரியாவிட்டாலும் அவனுக்கு இழப்பில்லை. இழப்பு எதிரே நிற்பவருக்குத்தான்.

விதிவிலக்குகள் உண்டு. தமிழை நன்றாகக் கற்ற துரைமாரும் இருந்தார்கள். ஆனால் ஒரு முறையை மதிப்பிடும்போது அது சராசரி ஆளை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். பல்லாண்டு காலம் தமிழரோடு வாழ்ந்தவருக்குத் தேவைப்பட்டது 'வா', 'போ' என்ற தமிழ். 'வாங்க' என்ற தமிழ் தேவைப்படவில்லை. மொழிச் சூழல் சுற்றிலும் நிறைந்திருந்தது. அதற்குள் அவர் இருந்த இடம்தான் அவர் கற்றதற்கு எல்லை வகுத்தது.

இதே மலைப்பக்கத்தில் இதற்கு நேர் எதிரான ஒருவரும் வாழ்ந்தார். 'ஆன்' என்ற கப்பலில் வந்து 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் கைதியாக 1679 வரை இங்கே இருந்தார். அந்த மன்னன் இருந்த நிலம்பேயும், 1664இல் கலகம் நடந்தபின் அவன் ஒதுங்கிப் போன ஹங்குராங்கெத்தவும் ஹேவாஹெட்டவின் அக்கம்பக்கந்தான். ஆங்கிலேயக் கைதிகளைச் சிறையில் அடைக்காமல், கிராமங்களுக்குப் பிரித்து அனுப்பி, அந்தந்த ஊரார் சாப்பாடு போட வேண்டும் என்று மன்னன் கட்டளையிட்டான். தெரிந்தோ தெரியாமலோ இலங்கையின் முதல் 'குடும்பத்தோடு தங்கும் திட்டத்தை' நடத்தியவன் அவன்தான்.

ஊரார் போட்ட சோற்றோடு நொக்ஸ் நின்றுவிடவில்லை. தொப்பி பின்னி விற்றார், கோழியும் பன்றியும் வளர்த்தார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். கடைசியில் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற சகாவோடு சேர்ந்து, ஊர் ஊராகச் சரக்கு விற்கும் வியாபாரியாக வடக்கே போய் வழியைப் பழகிக்கொண்டு அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலில் சிங்கள மொழிக்கென்று ஒரு பகுதியே உண்டு. எதிரே இருப்பவரின் தரத்துக்கு ஏற்ப முன்னிலையில் அழைக்க ஏழெட்டுச் சொற்கள் இருப்பதை அவர் குறித்திருக்கிறார். பெண்களைக் குறிக்கும் மரியாதைப் பெயர்களையும் தரம் பிரித்துச் சொல்கிறார். நெல் கடன் கொடுத்தவனுக்கு இந்த நுட்பம் தெரிந்தே ஆக வேண்டும். மரியாதை குறைத்து அழைத்தால் கடனும் திரும்பி வராது, தொப்பியும் விலைபோகாது.

ஒருவர் கைதி, மற்றவர் எஜமான். இவர்களை ஒப்பிடுவதே முறையல்ல என்று யாரும் மறுக்கலாம். நொக்ஸ் இருந்தது 19 ஆண்டுகள், இன்றைய மாணவர் இருப்பது ஒரு கல்விப் பருவம் என்ற மறுப்பும் வலுவானது. ஆனால் காலம் மட்டுமே காரணம் என்றால் நீண்ட காலம் இருந்த துரையும் நொக்ஸ் அளவுக்குக் கற்றிருக்க வேண்டும். இருவருக்கும் காலம் இருந்தது, சுற்றிலும் மொழியும் இருந்தது. மற்றவரின் சம்மதத்தைப் பேச்சால் பெற வேண்டிய நிலையில் நொக்ஸ் இருந்தார். துரைக்கு அந்த நிலை இல்லை. பணம் கொடுத்துத் தங்கும் மாணவருக்கும் அது இல்லை. எஜமானுக்கும் விருந்தாளிக்கும் இடையே எத்தனையோ வேறுபாடு உண்டு. ஆனால் சரியாகப் பேசாவிட்டாலும் இருவருக்கும் சோறு வந்துவிடும்.

அந்தக் காலக் கணக்கையும் நேராகவே பார்த்துவிடலாம். அமெரிக்க வெளிநாட்டுச் சேவை நிறுவனம் தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பித்த அனுபவத்திலிருந்து ஒவ்வொரு மொழிக்கும் ஆகும் காலத்தைக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுபவர் ஸ்பானியத்தில் தொழிலுக்குப் போதுமான தேர்ச்சி பெற 24 முதல் 30 வாரங்கள். தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஏறக்குறைய 44 வாரங்கள், அதாவது 1,100 வகுப்பு மணி. எழுத்து புதிது, சொற்றொடர் அமைப்பு புதிது, ஆங்கிலத்தோடு உறவுள்ள சொற்களும் அதிகம் இல்லை. ஸ்பானியத்தில் ஒரு மாணவர் முதல் வாரத்திலேயே தெருப்பலகையை வாசித்துவிடுவார். சாப்பாட்டு மேசையில் பாதியை ஊகித்துவிடுவார். கண்டியில் அந்த ஊகத்துக்கு இடமே இல்லை. ஆன்டிகுவாவில் எடுபடும் ஓர் ஏற்பாடு ஹேவாஹெட்டவில் அதே கால அளவில் அதே பலனைத் தரும் என்று சொல்பவர் மாணவரின் பணத்தை மட்டும்தான் சரியாகக் கணக்கிடுகிறார்.

தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவான இன்னொரு சிக்கலும் உண்டு. பேசுவது ஒரு வழக்கு, எழுதுவது இன்னொரு வழக்கு. வீட்டில் எவ்வளவு நன்றாகப் பேசிப் பழகினாலும், பிரதேச செயலகத்திலிருந்து வரும் கடிதத்தை வாசிக்க அது உதவாது. வகுப்பில் மட்டும் படித்தவர் கடிதத்தை வாசித்துவிடுவார், பஸ் நடத்துனரிடம் மீதிச் சில்லறை கேட்கத் தடுமாறுவார். இந்த மொழிகளுக்கு வீடு தரக்கூடியது பாதி. மற்றப் பாதியை வகுப்பு தர வேண்டும், அதுவும் முதலிலேயே.

வீட்டுக்கு நியாயம் செய்வதானால் அது தரும் பாதி லேசானதல்ல. யாரை அக்கா என்பது, யாரை மாமி என்பது, பெரியவர் வந்தால் பேச்சின் தொனியை எப்படி மாற்றுவது, ஒரு வேண்டுகோளை முகம் நோகாமல் எப்படி மறுப்பது, துக்க வீட்டில் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது? இவை எந்தப் பாடப்புத்தகத்திலும் முழுதாக வராது. நொக்ஸ் கண்ட அந்த ஏழெட்டு முன்னிலைச் சொற்களை வகுப்பில் மனப்பாடம் செய்யலாம். எதை எப்போது யாரிடம் என்பது நாலு பேர் வந்து போகும் முற்றத்தில்தான் பிடிபடும். ஆகவே வீட்டைக் கைவிடச் சொல்வது தவறு. அதை விருந்து வீடாக வைத்திருப்பதுதான் குறை.

இதிலிருந்து மூன்று நிபந்தனைகள் கிடைக்கின்றன. ஒன்று, அடிப்படை இலக்கணமும் எழுத்தும் சில நூறு சொற்களும் கைவந்த பிறகே மாணவர் வீட்டுக்குள் போக வேண்டும். இரண்டு, வீட்டில் அவருக்கு வேலை வேண்டும்: கடைக்குப் போய் வருவது, சிறு பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிப் போவது, தேங்காய் துருவுவது, பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது. தவறாகப் பேசினால் தவறான சாமான் வந்து சேரும் என்ற நிலை இருக்க வேண்டும். மூன்று, ஒரு வீட்டில் ஒரு மாணவர் மட்டும். இருவர் சேர்ந்தால் அங்கே மூன்றாவது மொழி ஒன்று குடியேறிவிடும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஹேவாஹெட்டவில் நாலு மாதத்துக்கு வரும் வெளிநாட்டு மாணவருக்காக இதைத் தொடங்குவதில் பயன் குறைவு. பழைய பங்களாக்கள் மலைநாட்டில் பல இடங்களில் சுற்றுலா விடுதிகளாகிவிட்டன. அங்கே ஆங்கிலத்தில் பரிமாறுவார்கள். லயத்து அறையில் விருந்தாளிக்கு இடமில்லை. காலையில் மலைக்குப் போய் மாலையில் கூடையோடு திரும்பும் பெண்ணிடம், அதற்குப் பிறகு மொழியாசிரியையாகவும் இரு என்று கேட்க நமக்கு உரிமையில்லை. கேட்பதானால் அந்த வேலைக்கு உரிய கூலியோடு கேட்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டால் உண்மையான பலன் பெறக்கூடியவர்கள் வேறு ஆட்கள். அந்த ஆண்டு ஜூலை 1க்குப் பின் சேரும் அரச உத்தியோகத்தர்கள் ஐந்தாண்டுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று விதித்தது. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. சட்டத்தில் குறையில்லை. தேர்வு எழுதி, சான்றிதழ் வாங்கி, கோப்பில் வைத்த பிறகும், கருமபீடத்தின் முன் நிற்கும் தோட்டத்துப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்க மொழிபெயர்க்க ஆள் தேடுவதுதான் குறை. அந்தப் பெண்ணோ கடைத்தெருவிலும் ஆஸ்பத்திரியிலும் பொலிசிலும் தேவைப்பட்டதால், எந்த வகுப்புக்கும் போகாமலே சிங்களம் கற்றிருப்பார். நொக்ஸ் கற்றது போலவே கற்றிருப்பார். தேவை ஒரு பக்கம் மட்டும் இருக்கும்போது மொழியும் ஒரு பக்கமாகவே பாய்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. வீட்டில் தங்குவது மொழி கற்கும் வழிகளில் இரண்டாம் கட்டம். முதல் கட்டமாக அதை விற்பது ஏமாற்று. அதை அயல்நாட்டுப் பருவ மாணவருக்குத் தருவதைவிட, மலைநாட்டில் வேலை பார்க்கப்போகும் தாதிக்கும் ஆசிரியருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் தருவதே பயனுள்ள செலவு. எழுத்துத் தேர்வில் தேறிய பின், நியமனம் உறுதியாகும் முன், ஒரு மூன்று மாதம் மற்ற மொழி பேசும் குடும்பம் ஒன்றில், தோட்ட உத்தியோகத்தர் வீட்டிலோ புதிதாகக் கட்டப்படும் தனி வீடுகளிலோ, உரிய கட்டணம் கொடுத்து அவர்கள் தங்கட்டும். அந்த வீட்டின் கடை வேலையும் பிள்ளை வேலையும் அவர்கள் கையில் இருக்கட்டும். முடிவில் அவர் தேறினாரா என்பதைக் கொழும்பில் இருக்கும் தேர்வாளரோடு அந்த வீட்டம்மாவும் சேர்ந்து சொல்லட்டும்.